ஆராதனையில் காணிக்கை எதற்கு?

சபைக்குப் புதிதாக வருகிறவர்களுக்குப் பாட்டும் ஜெபமும் பிரசங்கமும் சீக்கிரம் பழகிவிடும். காணிக்கைப் பை வரிசை வரிசையாக வரத் தொடங்கும்போதுதான் தயக்கம் வருகிறது. எவ்வளவு போட வேண்டும்? ஒன்றும் போடாமல் பையை அடுத்தவரிடம் கொடுத்தால் தப்பாக நினைப்பார்களா? இவற்றுக்கெல்லாம் அடியில் இன்னொரு கேள்வியும் இருக்கிறது. வானத்தையும் பூமியையும் படைத்தவருக்கு என்னுடைய நூறு ரூபாய் எதற்கு?

கடைசிக் கேள்வியை வாய்விட்டுக் கேட்கப் பலருக்குக் கூச்சம். வேதாகமத்துக்கு அந்தக் கூச்சம் இல்லை. ஐம்பதாம் சங்கீதத்தில் கடவுளே இதற்குப் பதில் சொல்கிறார்: “நான் பசியாயிருந்தால் உனக்குச் சொல்லேன், பூமியும் அதின் நிறைவும் என்னுடையவைகளே.” ஆடுமாடுகளைப் பலியிடுவதால் கடவுளுக்கு ஏதோ செய்துவிட்டோம் என்று நினைத்த மக்களுக்குச் சொன்ன வார்த்தை இது. ஆகவே காணிக்கை கடவுளுடைய குறையைத் தீர்க்கக் கொடுப்பது அல்ல. அவருக்குக் குறையே கிடையாது.

பிறகு ஏன் கொடுக்கிறோம்? வேதத்தைத் தொடர்ந்து வாசித்ததில் நான் கண்டது இதுதான்: காணிக்கை நன்றியில் தொடங்கி, தேவையில் இருக்கிற ஒரு மனிதரிடம் போய்ச் சேருகிறது. இந்த இரண்டில் எது விடுபட்டாலும் அது வேதம் சொல்லும் காணிக்கை ஆகாது.

கூடையும் அறிக்கையும்

உபாகமம் 26ஆம் அதிகாரத்தில் ஒரு விவசாயி வருகிறார். நிலத்தின் முதற்பலனைக் கூடையில் வைத்துக்கொண்டு கர்த்தர் தெரிந்துகொண்ட இடத்துக்குப் போகிறார். ஆசாரியன் கூடையை வாங்கிப் பலிபீடத்தின் முன் வைக்கிறான். காரியம் அதோடு முடிவதில்லை. கொண்டுவந்தவர் வாய்திறந்து ஒரு வரலாற்றைச் சொல்ல வேண்டும். எங்கள் முற்பிதா நிலையற்றுத் திரிந்தவர்; கொஞ்சப் பேராக எகிப்துக்குப் போய் அங்கே பரதேசியாய் இருந்தார்; எகிப்தியர் எங்களை ஒடுக்கி எங்கள்மேல் கடினமான வேலையைச் சுமத்தினார்கள்; நாங்கள் கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார், எங்களை வெளியே கொண்டுவந்து இந்தத் தேசத்தைக் கொடுத்தார்; ஆகையால் இதோ, நீர் எனக்குக் கொடுத்த நிலத்தின் முதற்பலன்.

அந்த அறிக்கையில் ‘நான் உழைத்தேன், நான் விளைவித்தேன்’ என்ற பேச்சே இல்லை. உழுதவர், விதைத்தவர், களை பறித்தவர் அவர்தான். ஆனாலும் கதை அவரிடமிருந்து தொடங்குவதில்லை. அடிமைகளாக இருந்த ஒரு கூட்டத்தை விடுவித்தவரிடமிருந்து தொடங்குகிறது. தேவாலயம் கட்டப் பொன்னும் வெள்ளியும் குவிந்தபோது தாவீது செய்த ஜெபத்திலும் இதே தொனிதான்: “எல்லாம் உம்மால் உண்டானது, உமது கரத்திலே வாங்கி உமக்குக் கொடுத்தோம்” (1 நாளாகமம் 29:14). மூவாயிரம் தாலந்து பொன்னைத் தன் சொந்த உடைமையிலிருந்து கொடுத்த அரசன் பேசுகிற வார்த்தை இது.

கூடையைக் கொண்டுவந்த விவசாயியின் கதைக்கு இன்னும் ஒரு வசனம் பாக்கியிருக்கிறது. அறிக்கை முடிந்து தொழுதுகொண்ட பிறகு, கர்த்தர் கொடுத்த நன்மைகளில் அவர் சந்தோஷப்பட வேண்டும். தனியாக அல்ல, லேவியனோடும் தன் நடுவில் இருக்கிற பரதேசியோடும் (உபாகமம் 26:11). ஆலய ஊழியத்துக்கென்று பிரிக்கப்பட்ட லேவியருக்குச் சொந்த நிலம் கிடையாது, பரதேசிக்கு ஊரும் உறவும் கிடையாது. ‘நாங்களும் ஒருகாலத்தில் பரதேசிகள்’ என்று பலிபீடத்தின் முன் சொன்னவர், திரும்பியதும் ஒரு பரதேசியைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சாப்பிட வேண்டும். காணிக்கை ஆராதனையின் பகுதியாக இருப்பது ஏன் என்று யாராவது என்னைக் கேட்டால் இந்த ஒரு அதிகாரத்தைத்தான் முதலில் வாசிக்கச் சொல்வேன்.

நம் தென்மாவட்டச் சபைகளின் அறுப்பின் பண்டிகையைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கூடை அந்நியமாகத் தோன்றாது. வாழைக்குலை, தேங்காய், நெல், கோழி என்று வீட்டில் விளைந்ததையும் வளர்த்ததையும் ஆலயத்துக்குக் கொண்டுவந்து படைப்பார்கள். ஆராதனை முடிந்ததும் ஏலம் நடக்கும். மாதச் சம்பளக்காரர்கள் பெருகிவிட்ட இந்தக் காலத்திலும் அந்தப் பண்டிகை நிற்க வேண்டும் என்பது என் ஆசை. பணத்தாளில் மறைந்துபோகிற ஒன்றை, மழையும் மண்ணும் நாம் உண்டாக்கியவை அல்ல என்பதை, ஒரு பூசணிக்காய் கண்ணுக்கு முன் கொண்டுவந்து வைக்கிறது.

பத்தில் ஒன்று

தசமபாகம் பற்றித்தான் புதியவர்கள் அதிகம் குழம்புகிறார்கள். ஆபிரகாம் சாலேமின் ராஜாவும் ஆசாரியருமான மெல்கிசேதேக்குக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்தார். யாக்கோபு பெத்தேலில் அப்படியே பொருத்தனை செய்தார். மோசேயின் சட்டத்தில் அது நிலத்தின் விளைச்சலுக்கும் ஆடுமாடுகளுக்கும் உரிய ஒழுங்காக வருகிறது. எண்ணாகமம் 18ஆம் அதிகாரத்தின்படி அது நிலமில்லாத லேவியருக்கு. அவர்களும் தாங்கள் வாங்கியதில் பத்தில் ஒன்றை ஆசாரியருக்குக் கொடுக்க வேண்டும். உபாகமம் 14ஆம் அதிகாரமோ பிரசங்கங்களில் அதிகம் கேட்காத ஒரு காரியத்தைச் சொல்கிறது. குடும்பமாகக் கர்த்தரின் சந்நிதிக்குப் போய் அந்தத் தசமபாகத்தை அங்கே சாப்பிட்டுச் சந்தோஷப்பட வேண்டும். தூரம் அதிகமானால் விளைச்சலை விற்றுக் காசாக்கிக் கொண்டுபோய், விரும்பியதை அங்கே வாங்கிச் சாப்பிடலாம். ஒவ்வொரு மூன்றாம் வருஷ முடிவிலும் அந்தத் தசமபாகத்தை அவரவர் ஊரிலேயே வைக்க வேண்டும். லேவியனும் பரதேசியும் திக்கற்ற பிள்ளையும் விதவையும் வந்து திருப்தியாகச் சாப்பிடுவதற்காக. இவையெல்லாம் தனித்தனித் தசமபாகங்களா, ஒன்றேதானா என்று யூத அறிஞர்களும் கிறிஸ்தவ அறிஞர்களும் நெடுங்காலமாக விவாதித்துவருகிறார்கள்.

புதிய ஏற்பாட்டில் சபைகளுக்கு எழுதிய நிருபங்கள் எதிலும் ‘பத்தில் ஒன்று கொடுங்கள்’ என்ற கட்டளை இல்லை. இயேசு தசமபாகத்தைப் பற்றிப் பேசிய இடத்தில், ஒற்தலாமிலும் (புதினா) வெந்தயத்திலும் சீரகத்திலும் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிட்டு நீதியையும் இரக்கத்தையும் விசுவாசத்தையும் விட்டுவிட்டவர்களைக் கண்டிக்கிறார். இவற்றையும் செய்ய வேண்டும், அவற்றையும் விடக் கூடாது என்கிறார் (மத்தேயு 23:23). பிற்காலத்தில் ஐரோப்பாவில் 585இல் மாக்கோன் நகரில் கூடிய பேராயர்களின் சங்கம் தசமபாகம் கொடுக்காதவர்களைச் சபையைவிட்டு விலக்கலாம் என்றது. 779இல் பிராங்கு அரசர் சார்லமேன் அதை அரசுச் சட்டமாக்கினார். அதன்பின் அது ஏறக்குறைய ஒரு வரியாகவே ஆகி, ஏழைக் குடியானவர்களின் கசப்புக்கும் காரணமானது. கொடுப்பதைப் பற்றி அப்போஸ்தலர் பவுல் ‘கட்டாயமாயுமல்ல’ என்று எழுதியதை எவ்வளவு எளிதில் மறந்துவிட்டார்கள் என்று இதை வாசிக்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கிறது.

என் கருத்தைச் சொல்கிறேன். பத்தில் ஒன்று என்பது தொடங்குவதற்கு நல்ல அளவு. பல குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாக அதைச் சந்தோஷத்தோடு கடைப்பிடிக்கின்றன. அவர்களை நான் மதிக்கிறேன். ஆனால் மாதம் எட்டாயிரம் சம்பாதிக்கிற ஒரு தாய்க்கு எண்ணூறு ரூபாய் என்பது பிள்ளைகளின் பால், மளிகை. இரண்டு லட்சம் சம்பாதிக்கிறவருக்கு இருபதாயிரம் போனது தெரியாமலே போகலாம். இருவருக்கும் ஒரே அளவுகோலை நீட்டிவிட்டுக் கடமை முடிந்தது என்று சொல்ல வேதம் இடம்தரவில்லை. பலிகளிலேயே இதைப் பார்க்கலாம். ஆட்டுக்குட்டி வாங்க வழியில்லாத தாய் இரண்டு புறாக்களைக் கொண்டுவரலாம் என்கிறது லேவியராகமம். இயேசு குழந்தையாக ஆலயத்துக்குக் கொண்டுவரப்பட்டபோது மரியாளும் யோசேப்பும் செலுத்தியதும் அந்த ஏழைகளின் காணிக்கையைத்தான் (லூக்கா 2:24).

மல்கியாவை முழுவதும் வாசியுங்கள்

“வானத்தின் பலகணிகளைத் திறந்து” என்று தொடங்கும் வாக்குத்தத்தம் எல்லோருக்கும் மனப்பாடம். அது மல்கியா 3:10. அந்த வசனத்தைத் தனியாகப் பிடுங்கி, ‘இவ்வளவு கொடு, இத்தனை மடங்கு வரும்’ என்று சொல்வது நம்மிடையே சாதாரணமாகிவிட்டது. ‘விதை காணிக்கை’ என்றும் அதற்குப் பெயர் வைத்திருக்கிறார்கள். நோயாளி இருக்கிற வீடுகளிலும் கடனில் மூழ்கிய வீடுகளிலும்தான் இந்தப் பேச்சு அதிகம் எடுபடுகிறது. இதனால் நொந்துபோனவர்களை நினைத்துத்தான் இந்தப் பகுதியைச் சற்று நீட்டி எழுதுகிறேன்.

முதலில், அந்த வசனம் “என் ஆலயத்தில் ஆகாரம் உண்டாயிருக்கும்படி” என்று தொடங்குகிறது. தசமபாகத்தைக் கொண்டுவரும்படி அது சொல்லும் பண்டசாலை என்பது தானியக் களஞ்சியம். அதை ஒட்டிய காலத்தில் என்ன நடந்தது என்று நெகேமியா 13ஆம் அதிகாரம் காட்டுகிறது: லேவியருக்கு உரிய பங்கு கொடுக்கப்படாததால் அவர்களும் பாடகரும் ஊழியத்தை விட்டுத் தங்கள் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போயிருந்தார்கள். சாப்பாடு இல்லாமல் போன ஊழியக்காரர்களின் பிரச்சினை அது. இரண்டாவது, அதே அதிகாரத்தில் ஐந்து வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். கூலிக்காரரின் கூலியை அபகரிக்கிறவர்களுக்கும், விதவையையும் திக்கற்றவர்களையும் ஒடுக்குகிறவர்களுக்கும், பரதேசிக்கு அநியாயம் செய்கிறவர்களுக்கும் விரோதமாகத் தாமே சாட்சியாக வருவேன் என்று கர்த்தர் சொல்கிறார். வேலைக்காரருக்குச் சம்பளத்தைப் பிடித்துவைத்துவிட்டு அந்தப் பணத்தில் தசமபாகம் செலுத்துகிறவருக்கு அந்தப் பலகணி வாக்குத்தத்தம் இல்லை.

“பெருக விதைக்கிறவன் பெருக அறுப்பான்” என்பதும் அப்படித்தான். 2 கொரிந்தியர் 9ஆம் அதிகாரத்தைத் தொடர்ந்து வாசித்தால் அறுவடை என்னவென்று பவுலே சொல்கிறார்: நற்கிரியைகள் செய்யப் போதுமானது கையில் இருப்பது, “நீதியின் விளைச்சல்”, வாங்கினவர்கள் தேவனுக்குச் செலுத்தும் நன்றி. கார், வீடு, விசா எதுவும் அந்தப் பட்டியலில் கிடையாது.

கலியாண வீட்டில் மொய் எழுதுகிறோம். நோட்டில் பெயரும் தொகையும் ஏறும். நம் வீட்டு விசேஷத்தில் அது திரும்பி வரும். உறவுகளுக்குள் அது நியாயமான ஏற்பாடு. காணிக்கை மொய் அல்ல. கடவுளிடம் நமக்கு வரவேண்டிய பாக்கி என்று எதுவும் இல்லை. கைகளை வைத்துப் பரிசுத்த ஆவியைக் கொடுக்கிற அதிகாரத்தை விலைகொடுத்து வாங்கலாம் என்று சீமோன் என்பவன் பணத்தை நீட்டியபோது, “உன் பணம் உன்னோடேகூட நாசமாய்ப்போகக்கடவது” என்றார் பேதுரு (அப்போஸ்தலர் 8:20). புதிய ஏற்பாட்டில் நீட்டிய பணத்தை வாங்க மறுத்த ஒரு இடம் இது.

பவுல் திரட்டிய பணம்

கிறிஸ்தவக் கொடுத்தலுக்கு மிக விரிவான முன்மாதிரி கி.பி. 50களில் பவுல் நடத்திய ஒரு திரட்டல். எருசலேம் சபையில் ஏழைகள் அதிகம். ரோமப் பேரரசர் கிலவுதியு இராயன் காலத்தில் பஞ்சமும் வந்திருந்தது. கலாத்தியா, மக்கெதோனியா, அகாயா பகுதிகளில் இருந்த சபைகளிடம் பவுல் பண உதவி கேட்டார். கொடுக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் யூதர் அல்லாதவர்கள், வாங்கப்போகிறவர்கள் யூதர்கள். ஒரே பந்தியில் உட்காருவதே சர்ச்சையாக இருந்த காலம் அது. அந்தப் பணம் அரிசிக்கும் பருப்புக்கும் மட்டும் போகவில்லை, இரண்டு கூட்டத்தாரை ஒரே சபையாகக் கட்டுவதற்கும் போயிற்று என்று நான் வாசிக்கிறேன். ரோமர் 15:27இல் பவுல் அதைத் தெளிவாகவே சொல்கிறார்: அவர்களுடைய ஞான நன்மைகளில் பங்கு பெற்றவர்கள் சரீர நன்மைகளால் அவர்களுக்கு உதவக் கடமைப்பட்டவர்கள்.

எப்படித் திரட்டினார் என்பது இன்னும் முக்கியம். வாரத்தின் முதல் நாள்தோறும் அவனவன் தன் வரவுக்குத் தக்கதாகத் தன்னிடத்திலே சேர்த்துவைக்க வேண்டும். தான் வந்திருக்கும்போது பணம் சேர்க்கிற வேலை இருக்கக் கூடாது (1 கொரிந்தியர் 16:2). தான் மேடையில் நின்று உருக்கமாகப் பேசி மக்கள் அந்த வேகத்தில் கொடுப்பதை அவர் விரும்பவில்லை. வீட்டில் அமைதியாக யோசித்து எடுத்த முடிவே அவருக்கு வேண்டும். “அவனவன் விசனமாயுமல்ல, கட்டாயமாயுமல்ல, தன் மனதில் நியமித்தபடியே கொடுக்கக்கடவன்” என்பதற்கு இதுதான் நடைமுறை. கைபேசியில் கியூஆர் கோடு வழியாக முன்பே அனுப்பிவிட்டு ஆராதனையில் வெறுங்கையோடு நிற்கிறவர்கள் குற்றவுணர்ச்சி கொள்ள வேண்டாம். கொரிந்துக்காரர்களும் வீட்டில்தான் எடுத்துவைத்தார்கள்.

மக்கெதோனியர் ஏழைகள், உபத்திரவத்திலும் இருந்தார்கள். ஆனாலும் இந்த ஊழியத்தில் எங்களையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று அவர்களே வருந்திக் கேட்டார்கள் என்கிறார் பவுல். அவர்கள் முதலில் கொடுத்தது பணம் அல்ல. தங்களையே கர்த்தருக்கு ஒப்புக்கொடுத்தார்கள் (2 கொரிந்தியர் 8:5). ஆதியாகமத்திலும் இதே வரிசைதான்: கர்த்தர் ‘ஆபேலையும் அவன் காணிக்கையையும்’ அங்கிகரித்தார், ஆளுக்குப் பிறகுதான் பொருள். இயேசு இன்னும் கூர்மையாகச் சொன்னார்: பலிபீடத்தின் முன் நிற்கும்போது உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகி, பிறகு வந்து செலுத்து.

இல்லாதவர்கள் என்ன செய்வது? “அவனுக்கு இல்லாததின்படியல்ல, அவனுக்கு உள்ளதின்படியே அங்கிகரிக்கப்படும்” (2 கொரிந்தியர் 8:12). இந்த வாரம் உங்களிடம் இல்லையென்றால் பையை அடுத்தவரிடம் கொடுங்கள். அதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. அதைக் கவனித்துப் பேசுகிறவர்கள்தான் வெட்கப்பட வேண்டும். வட்டிக்கு வாங்கிக் காணிக்கை செலுத்தும்படி வேதம் எங்கேயும் கேட்கவில்லை.

ஏழை விதவையின் இரண்டு காசையும் இங்கே சொல்லிவிட வேண்டும். அன்றைய கணக்கில் அது ஒரு நாள் கூலியில் அறுபத்துநான்கில் ஒரு பங்கு. ஐசுவரியவான்கள் மிச்சத்திலிருந்து போட்டார்கள், இவளோ தன் ஜீவனத்துக்கு உண்டாயிருந்ததெல்லாம் போட்டாள் என்று இயேசு அவளைப் பாராட்டினார். ஆனால் மாற்கு 12இல் இதற்கு நேர் முன்னால், விதவைகளின் வீடுகளைப் பட்சிக்கிற வேதபாரகரை அவர் கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். அந்தப் பெண்ணின் மனதைப் பார்த்து நாம் கற்றுக்கொள்ளலாம்; அவளைக் காட்டி வேறொரு விதவையிடம் கடைசிக் காசைக் கேட்க நமக்கு உரிமை இல்லை. எருசலேமின் முதல் சபை விதவைகளுக்கு அன்றாடம் உணவு பரிமாறியது. அதில் குறை வந்தபோது ஏழு பேரை அதற்கென்றே நியமித்தது.

இந்த வழக்கம் தொடர்ந்தது. கி.பி. 155 வாக்கில் ரோமப் பேரரசர் அந்தோனினஸ் பயசுக்குக் கிறிஸ்தவ எழுத்தாளர் யுஸ்தீன் எழுதிய விளக்கத்தில் கிறிஸ்தவர்களின் ஞாயிறு ஆராதனை விவரிக்கப்படுகிறது: வேதவாசிப்பு, போதனை, ஜெபம், அப்பமும் திராட்சரசமும். வசதியுள்ளவர்கள் விரும்பியபடி கொடுத்தது தலைவரிடம் வைக்கப்பட்டது. அவர் அதை அநாதைகள், விதவைகள், நோயாளிகள், சிறையில் இருப்பவர்கள், அந்நியர் ஆகியோருக்குப் பயன்படுத்தினார். கத்தோலிக்கத் திருப்பலியில் அப்பமும் இரசமும் மக்களின் காணிக்கையும் பவனியாகப் பீடத்துக்கு வருவதில் இந்தப் பழைய தொடர்பு இன்றும் தெரிகிறது.

நம் பக்கத்தில், சமைக்க அரிசி எடுக்கும்போது ஒரு பிடியைத் தனியே போட்டுவைக்கும் பெண்களின் பிடி அரிசிக் காணிக்கை இருக்கிறது. கையில் ரொக்கமே பார்க்காத பெண்கள் கொடுத்த காணிக்கை அது. 1903இல் வேதநாயகம் அசரியாவும் அவரைச் சேர்ந்தவர்களும் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கியபோது, இந்தியப் பணம், இந்திய ஆட்கள், இந்திய நிர்வாகம் என்பதே அதன் அடிப்படை. வெளிநாட்டு உதவியையே நம்பியிருந்த காலத்தில் அது பெரிய துணிச்சல்.

தொடங்குகிறவர்களுக்கு

சம்பளமோ கூலியோ கைக்கு வந்தவுடன், செலவு தொடங்குமுன், ஒரு தொகையை எடுத்துவையுங்கள். மீந்ததைக் கொடுப்பதைவிட முதலில் எடுத்துவைப்பதுதான் முதற்பலனின் முறை. அளவை நீங்களும் உங்கள் வீட்டாரும் ஜெபித்து முடிவுசெய்யுங்கள். யாருக்காவது நீங்கள் கூலி பாக்கி வைத்திருந்தால் அதை முதலில் கொடுங்கள்.

குடும்பத்தில் முதல் ஆளாகக் கிறிஸ்துவை ஏற்றுக்கொண்டவர்களுக்கு ஒரு தனிச் சொல். உங்கள் அப்பா அம்மாவுக்குச் செய்ய வேண்டியதை நிறுத்திவிட்டுச் சபைக்குக் கொடுப்பது பக்தி அல்ல. பெற்றோருக்கு உதவ வேண்டிய பொருளைக் ‘கொர்பான்’, அதாவது காணிக்கை, என்று சொல்லித் தப்பித்துக்கொண்டவர்களை இயேசு கடிந்துகொண்டார் (மாற்கு 7). வீட்டாருக்கு அனுப்பும் பணத்தை அனுப்புங்கள். அதற்குமேல் உங்களால் ஆனதைக் காணிக்கையாக்குங்கள்.

கொடுத்தது எங்கே போகிறது என்று தெரிந்துகொள்வதும் இதில் சேர்ந்ததே. வருடாந்தரக் கணக்கைச் சபைப் பொருளாளரிடம் கேட்டு வாசியுங்கள். போதகரின் சம்பளம், கட்டட வேலை, மின்கட்டணம் எல்லாம் அதில் இருக்கும், இருக்கவும் வேண்டும். ஏழைகளுக்கு எவ்வளவு என்ற வரியையும் தேடுங்கள்; அது இல்லையென்றால் ஏன் இல்லை என்று மரியாதையாகக் கேளுங்கள். இப்படிக் கேட்பதை விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால், 2 கொரிந்தியர் 8:20, 21ஐக் காட்டுங்கள். தர்மப்பணத்தில் ஒருவரும் எங்களைக் குற்றப்படுத்தாதபடிக்கு, கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும் யோக்கியமானதைச் செய்ய நாடுகிறோம் என்கிறார் பவுல். பணத்தை எருசலேமுக்குக் கொண்டுபோகும் ஆட்களை அவர் தானே நியமித்துக்கொள்ளவுமில்லை. கொரிந்தியர் யாரைத் தகுதியுள்ளவர்களாகக் குறிப்பிடுகிறார்களோ அவர்கள் கையில் அனுப்புவதாக எழுதினார்.